180 ரூபாய்ப் பெட்டியில் இல்லாத வசனங்கள்

வேத வசனங்கள் அடங்கிய ஒரு பெட்டியில், சங்கீதம் 19:15 என்று ஓர் அட்டையில் அச்சிட்டிருக்கிறார்கள். பத்தொன்பதாம் சங்கீதத்தில் 14 வசனங்கள்தான் உண்டு. பதினைந்தாவதைத் தேடிப் புரட்டுகிறவர் நேராக இருபதாம் சங்கீதத்தில் போய் விழுவார். அட்டையில் இருக்கிற வாக்கியம் 91:15. எண்கள் இடம் மாறிவிட்டன. 34 ஆண்டுகள் அச்சகத்தில் புரூப் பார்த்தவனுக்கு இது காலில் தைத்த முள். ஆனால் இந்தப் பெட்டியின் மேல் எனக்குள்ள பெரிய குறை இதுவல்ல. அதற்கு மெதுவாக வருகிறேன்.

பெட்டி என்று நான் சொல்வது வாக்குத்தத்தப் பெட்டி. கிறிஸ்தவர் வீடுகளில் ஜெப மேசையிலோ அலமாரித் தட்டிலோ பார்த்திருப்பீர்கள். உள்ளே சிறு சிறு அட்டைகள். ஒவ்வொன்றிலும் தேவன் தரும் வாக்காக ஒரு வேத வசனம். காலையில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை உருவினால் அது அன்றைய நாளுக்கு. ஆண்டு முழுமைக்குமான அட்டையை டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனையில் எடுப்போம். எங்கள் பாளையங்கோட்டையில் அன்று இரவு பத்தரைக்கே ஆலயத்தில் இடம் கிடைக்காது. பன்னிரண்டு மணி அடித்து, ஜெபம் முடிந்து, ஒருவருக்கொருவர் கை கொடுத்ததும், தட்டுகளில் அட்டைகளைப் பரப்பி முன்னால் வைப்பார்கள். அந்த வரிசை நற்கருணைக்கு நிற்கிற வரிசையைவிட நீளம். இதைச் சொன்னதற்காக எங்கள் ஐயர் ஒரு முறை என்னைக் கோபித்துக்கொண்டார். (திருநெல்வேலிப் பக்கம் சபைக் குருவானவரை ஐயர் என்போம். வெளியூர்க்காரர்கள் குழம்ப வேண்டாம்.)

சீட்டெடுக்கும் ஆசை நமக்கு மட்டும் உரியதல்ல. ஜெர்மனியில் ஹெர்ன்ஹூட் என்ற சிற்றூரில் 1728 மே 3 அன்று சின்சென்டோர்ஃப் பிரபு தம் சபையாருக்கு அடுத்த நாளைக்கென்று ஒரு வசனத்தைக் கொடுத்தார். 1731 முதல் ஆண்டு முழுமைக்குமான வசனங்கள் புத்தகமாகவே அச்சாகி வருகின்றன. பழைய ஏற்பாட்டு வசனங்களை இன்றும் சீட்டுப் போட்டுத்தான் எடுக்கிறார்கள். அந்தச் சபையார் 1760இல் நம் தரங்கம்பாடிக்கும் வந்து தங்கியிருந்தார்கள். ஆகவே பழக்கத்தைக் கேலி செய்ய நான் வரவில்லை. பொருளைத்தான் மதிப்பிடுகிறேன்.

என் மருமகள் 2023 கிறிஸ்துமஸ் சமயத்தில் வாங்கி வந்தாள். விலை 180 ரூபாய். தகரப் பெட்டி; மூடியில் சூரிய உதயம், கோதுமைக் கதிர், ஒரு புறா. தாமிரபரணிக் கரையில் நெல் விளைகிற ஊருக்கு எதற்குக் கோதுமை என்று கேட்டேன். "மாமா, பெட்டியைத் திறந்து பாருங்கள்" என்றாள். மூடி இறுக்கமாக மூடுகிறது, எறும்பு போகாது. ஓராண்டுக்கு மேலாகியும் மூலைகளில் துரு இல்லை. எழுத்து பெரியது. கண்புரை அறுவை செய்துகொண்ட என்னால் கண்ணாடி இல்லாமலே வாசிக்க முடிகிறது. அட்டை மெல்லியது, ஈரக் கையோடு எடுத்தால் ஓரம் சுருண்டுவிடும். 1871இல் வெளிவந்த, பவர் ஐயர் தலைமையில் முடிந்த அந்தப் பழைய மொழிபெயர்ப்பையே பயன்படுத்தியிருக்கிறார்கள். எங்கள் வாய்க்கும் காதுக்கும் பழகியது அதுதான். வேறு மொழிபெயர்ப்பில் இருந்தால் என் தலைமுறையில் பாதிப் பேர் அதை வசனம் என்றே ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

மூடியில் 365 அட்டைகள் என்று போட்டிருக்கிறது. ஒரு மழை நாளில் எல்லாவற்றையும் கட்டிலில் கொட்டி எண்ணினேன். 361. அதில் 14 வசனங்கள் இரண்டு முறை வந்திருந்தன. ஒரு ரகரம் றகரமாகியிருந்தது. இரண்டு இடங்களில் ஒற்று விட்டுப்போயிருந்தது. இதெல்லாம் சில்லறைப் பிழைகள். அடுத்த பதிப்பில் சரி செய்துவிடலாம். எண்ணிய கையோடு புத்தகவாரியாகப் பிரித்து அடுக்கினேன். அப்போதுதான் சங்கதி பிடிபட்டது.

யோபுவின் புத்தகத்திலிருந்து நான்கு அட்டைகள். முதலாவது, "உன் துவக்கம் அற்பமாயிருந்தாலும், உன் முடிவு சம்பூரணமாயிருக்கும்." கடைத்திறப்பு விழா அழைப்பிதழிலிருந்து ஆட்டோவின் பின்புறம்வரை எங்கள் பக்கம் நீங்கள் பார்த்திருக்கக்கூடிய வசனம். யோபு 8:7. இதைச் சொன்னவர் யார்? பில்தாத். இரண்டாவது அட்டை, நீ நிருணயம்பண்ணும் காரியம் நிலைவரப்படும், உன் பாதைகளில் வெளிச்சம் பிரகாசிக்கும் என்கிற 22:28. சொன்னவர் எலிப்பாஸ். மூன்றாவது, கடந்துபோன தண்ணீரைப் போல வருத்தத்தை மறப்பாய் என்கிற 11:16. சொன்னவர் சோப்பார். மூவரும், பிள்ளைகளை இழந்து தவித்த யோபுவுக்கு ஆறுதல் சொல்ல வந்த நண்பர்கள். "நீ ஏதோ பாவம் செய்திருக்கிறாய், அதனால்தான் உன் பிள்ளைகள் செத்தார்கள், மனந்திரும்பினால் எல்லாம் சரியாகும்" என்பதுதான் அவர்கள் சொன்ன ஆறுதலின் சாரம். புத்தகத்தின் கடைசி அதிகாரத்தில் தேவன் அவர்களைப் பார்த்து, என் தாசனாகிய யோபு பேசியதுபோல நீங்கள் என்னைக் குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்று கோபிக்கிறார். தேவனே தள்ளிவிட்ட மூன்று பேச்சுகளை அட்டை போட்டு, தேவனுடைய வாக்கு என்று பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள்! நான்காவது அட்டைதான் யோபு பேசியது. "நீர் செய்ய நினைத்தது தடைபடாது" என்கிற 42:2. நாலில் ஒன்று தேறியது.

வெட்டிச் சேர்த்த விதத்தையும் சொல்ல வேண்டும். எரேமியா 29:11 இருக்கிறது. தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகள் என்கிற அந்தப் புகழ்பெற்ற வசனம். அதற்கு முந்தைய வசனத்தில், பாபிலோனில் 70 ஆண்டுகள் நிறைவேறிய பின்புதான் உங்களைத் திரும்பக் கொண்டுவருவேன் என்று இருக்கிறது. பாபிலோனுக்குச் சிறைபட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம் அது. அதை வாசிக்கக் கேட்ட பெரியவர்களில் ஊர் திரும்பும் வயது யாருக்கு இருந்திருக்கும்? ஆபகூக்கில் ஒரே ஓர் அட்டை, கால்களை மான்கால்களைப் போலாக்குவார் என்கிற 3:19. அத்திமரம் துளிர்விடாவிட்டாலும், வயல் விளையாவிட்டாலும், தொழுவத்தில் மாடு இல்லாவிட்டாலும் என்று அடுக்கிக்கொண்டே வருகிற 17ஆம் வசனம் கிடையாது. மாடு போன தொழுவத்தில் நின்று சொன்னதால்தானே அந்த மான்காலுக்கு மதிப்பு? புலம்பலில் ஒன்று: கிருபைகள் காலைதோறும் புதியவை. நான் கதறினாலும் என் ஜெபத்துக்கு வழியை அடைத்துப்போட்டார் என்று அதே அதிகாரத்தில் இருப்பது வரவில்லை. பிரசங்கி என்ற புத்தகத்திலிருந்து ஒன்றுகூட இல்லை.

என்னை எழுந்து நடக்க வைத்தது 2 கொரிந்தியர் 12:9. "என் கிருபை உனக்குப்போதும்." அட்டையில் இளஞ்சிவப்பு ரோஜாப் படத்தோடு அச்சிட்டிருக்கிறார்கள். பவுல் தன் மாம்சத்திலிருந்த முள்ளை எடுத்துவிடும்படி மூன்று முறை வேண்டிக்கொண்டதற்குக் கிடைத்த பதில் இது. எடுக்க மாட்டேன் என்கிற பதில். முள்ளை விட்டுவிட்டு ரோஜாவை மட்டும் போட்டிருக்கிறார்கள்.

இவ்வளவு காட்டமாக ஏன் பேசுகிறேன் என்றால், இந்தப் பெட்டி எங்கள் வீட்டுக்கு வருவதற்கு மூன்று மாதம் முன்புதான் என் மனைவி இறந்தாள். 2022 டிசம்பர் 31 நள்ளிரவில் ஆலயத்தில் அவள் எடுத்த அட்டை யாத்திராகமம் 15:26. "நானே உன் பரிகாரியாகிய கர்த்தர்." பரிகாரி என்றால் வைத்தியர். அப்போது எங்களுக்கு ஒன்றும் தெரியாது. பிப்ரவரியில் முதுகு வலி என்று போனோம். கணையத்தில் புற்றுநோய் என்றார்கள். வீடே அந்த அட்டையைப் பிடித்துக்கொண்டது. நோய் வருமுன்னே பரிகாரி என்று சொல்லியிருக்கிறாரே, இதைவிட வேறென்ன அடையாளம் வேண்டும் என்றாள் அவள் தங்கை. நானும் நம்பினேன். செப்டம்பரில் அடக்கம் செய்தோம்.

நடுவில் வந்த ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெளியூரிலிருந்து வந்த பிரசங்கியார், இளைஞர். கட்டிலருகே நின்று ஜெபித்தார். பிறகு, வாக்குத்தத்தம் இருந்தும் சுகம் தாமதமாகிறது என்றால் குடும்பத்தில் யாரிடமோ விசுவாசக் குறைவு இருக்கிறது என்றார். என் கை நடுங்கியது. படுத்திருந்தவள், "தம்பி, காப்பி ஆறுகிறது, குடியுங்கள்" என்றாள். யோபுவின் மூன்று நண்பர்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும்: வந்தவுடன் ஏழு நாள் அவனோடு தரையில் உட்கார்ந்து, ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்தார்கள். அதுவரை சரியாகத்தான் இருந்தது.

ஓர் இரவு அவளிடம் கேட்டேன். "அந்த அட்டையை இப்போது என்ன சொல்வது?"

"அத்தான், அந்தக் கணக்குப் புத்தகம் நினைவிருக்கிறதா?" என்றாள்.

நினைவிருந்தது. கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் எழுதிய உயர்கணித நூல். ஈய எழுத்துக் காலம். வீட்டுக்கு எடுத்து வந்து இரவில் பார்த்தேன். அவள் கைப்பிரதியை உரக்க வாசிப்பாள், நான் புரூப்பில் ஒப்பிடுவேன். இருவருக்கும் ஒரு வரிகூடப் புரியவில்லை. புரூப் வேலையில் ஒரு சட்டம் உண்டு. அச்சுக் கோத்தவரின் பிழையை நீ திருத்தலாம். எழுதியவரின் பிழை என்று உனக்குத் தோன்றுவதைத் திருத்தக்கூடாது. ஓரத்தில் கேள்விக்குறி போட்டு அவருக்கே அனுப்ப வேண்டும். அந்த நூலுக்கு இருநூறுக்கு மேல் கேள்விக்குறி போட்டேன். ஒன்பது இடங்களில் பேராசிரியர் தம் பிழையை ஒப்புக்கொண்டு திருத்தினார். மற்ற இடங்களில் சொல்லுக்கு அடியில் வரிசையாகப் புள்ளி வைத்துத் திருப்பி அனுப்பிவிட்டார். 'உள்ளபடியே இருக்கட்டும்' என்பதற்கு அச்சகக் குறி அது. விளக்கம் ஒன்றும் இல்லை. எனக்கு அன்று வந்த கோபத்தை அவள் இத்தனை ஆண்டுகள் மறக்கவில்லை.

"நானும் கேள்விக்குறி போட்டுவிட்டேன்" என்றாள். அவ்வளவுதான். அதற்கு மேல் விளக்கவில்லை. திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

தேவன் ஒன்பது இடங்களில் தவறு செய்தவர் என்று அவள் சொன்னதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். உவமையை அந்த அளவுக்கு இழுக்கிறவள் அல்ல. எனக்குப் புரிந்த அளவில் அவள் சொன்னது இதுதான்: புரியாததைப் புரிந்ததுபோல் திருத்தி எழுதுவதும் தவறு, கேட்காமல் தாளை மடித்து வைத்துவிடுவதும் தவறு. யோபுவும் இந்த இரண்டையும் செய்யாமல் கேள்விக்குறி போட்டவன்தான். "அவர் என்னைக் கொன்றுபோட்டாலும், அவர்மேல் நம்பிக்கையாயிருப்பேன்" என்கிறான் 13:15இல். அதே மூச்சில், ஆனாலும் என் வழிகளை அவர் முன்பாக ரூபகாரப்படுத்துவேன் என்கிறான். வழக்கை விடமாட்டேன் என்று அர்த்தம். இந்த இரண்டாவது பாதியை எந்தப் பிரசங்கத்திலும் நான் அதிகம் கேட்டதில்லை.

பதிலும் எப்படி வந்தது? 38ஆம் அதிகாரத்தில் பெருங்காற்றிலிருந்து தேவன் பேசத் தொடங்குகிறார். "நான் பூமியை அஸ்திபாரப்படுத்துகிறபோது நீ எங்கேயிருந்தாய்?" என்கிறார். பனி, ஆலங்கட்டி, நட்சத்திரக் கூட்டம், சிங்கக்குட்டி, காக்கைக்குஞ்சு, காட்டுக்கழுதை, தீக்குருவி என்று போய்க்கொண்டே இருக்கிறது. வரையாடுகள் எப்போது ஈனும் என்று உனக்குத் தெரியுமா என்று ஒரு கேள்வி. மேற்கு மலையைப் பார்த்துக்கொண்டு வளர்ந்த எனக்கே தெரியாது. நான்கு அதிகாரங்கள் முழுவதும் தேடினேன், புரூப் பார்க்கிற கண்ணோடு. பிள்ளைகள் பத்துப் பேர் ஏன் செத்தார்கள் என்பதற்கு ஒரு வரி இல்லை. ஆனால் யோபு திருப்தியடைகிறான். என் காதினால் கேள்விப்பட்டேன், இப்பொழுதோ என் கண் உம்மைக் காண்கிறது என்கிறான். விளக்கம் கேட்டவனுக்கு ஆள் நேரில் வந்து நின்றார். இது போதுமா என்று என்னைக் கேட்டால், சில நாள் போதும், சில நாள் போதாது. ஞாயிற்றுக்கிழமைகளில் பெரும்பாலும் போதும். அவள் பல் துலக்கும் பிரஷ் இருந்த குவளையைப் பார்க்கிற காலைகளில் போதாது.

ஆகவே பெட்டியைப் பற்றிய என் தீர்ப்பு: தகரம், எழுத்து, விலை ஆகியவற்றுக்கு ஐந்துக்கு நான்கு. வசனத் தேர்வுக்கு இரண்டு. குழந்தை பிறந்த வீட்டுக்கோ புது மணமக்களுக்கோ பரிசாகக் கொடுக்கலாம். துக்க வீட்டுக்கு வாங்கிக்கொண்டு போகாதீர்கள். அங்கே போய் 361 நல்ல செய்திகளை நீட்டுவது ஒருவகையில் அந்தப் பிரசங்கியார் சொன்னதற்குச் சமம். துக்க வீட்டுக்குச் சங்கீதப் புத்தகத்தை முழுதாகக் கொண்டுபோங்கள். 88ஆம் சங்கீதத்தைக் கேட்டுப் பாருங்கள். முதலிலிருந்து கடைசி வரை அழுகைதான், நம்பிக்கையான ஒரு வரியில்கூட முடிவதில்லை. அதையும் ஆலயத்தில் பாடுவதற்கென்றே வைத்திருக்கிறார்கள்.

குறை சொன்னவன் கையைக் கட்டிக்கொண்டு இருக்கக்கூடாது என்று, விட்டுப்போன நான்கு அட்டைகளுக்கு ஈடு செய்ய உட்கார்ந்தேன்; எழுத எழுத இருபதாகிவிட்டது. வீட்டில் சேர்ந்து கிடந்த திருமண அழைப்பிதழ்களின் வெற்றுப் பக்கத்தை அளவாக வெட்டி, கறுப்பு மையில் எழுதினேன். யோபு 13:15, இரண்டு பாதியும். ஆபகூக் 3:17. "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்கிற 13ஆம் சங்கீதம். நான் செய்கிறது இன்னதென்று இப்பொழுது அறியாய், இனிமேல் அறிவாய் என்று சீமோன் பேதுருவிடம் கால் கழுவும்போது இயேசு சொன்னது. பிள்ளைக்குச் சுகம் கேட்டு வந்த தகப்பன், விசுவாசிக்கிறேன், என் அவிசுவாசம் நீங்க உதவிசெய்யும் என்று கண்ணீரோடு கதறியது. 2 கொரிந்தியர் 12இன் எட்டாம் வசனத்தையும் எழுதி, ஒன்பதாம் வசன அட்டையோடு நூல் போட்டுக் கட்டினேன். பில்தாத் அட்டையின் ஓரத்தில் 'சொன்னவர் பில்தாத்' என்று பென்சிலில் குறித்தேன். மருமகள் சிரித்தாள், தடுக்கவில்லை.

என் மனைவி எடுத்த ஆண்டு அட்டைகள் எல்லாம் அவளுடைய வேதாகமத்தின் ஜிப் உறைக்குள் ரப்பர் வளையம் போட்டு இருக்கின்றன. 29 அட்டைகள், பின்புறத்தில் ஆண்டு எழுதி. கடைசி அட்டையில் 'பரிகாரி' என்ற சொல்லுக்கு நேராக, ஓரத்தில், மெல்லிய பென்சிலில் ஒரு கேள்விக்குறி இருக்கிறது. அவள் சொன்னது பேச்சுக்கு அல்ல, நிஜமாகவே போட்டிருக்கிறாள் என்பது அடக்கம் முடிந்து பல நாள் கழித்துத்தான் தெரிந்தது. சொல்லுக்கு அடியில் புள்ளிகள் இல்லை. நான் வைக்கவும் இல்லை. அது எழுதியவர் வைக்க வேண்டியது.

என் இருபது அட்டைகளும் பெட்டியில் சேர்ந்து ஏழு மாதம் ஆகின்றன. இதுவரை ஒருவர் கையிலும் ஒன்றுகூட வரவில்லை. 381இல் 20 என்றால் மாதத்துக்கு ஒன்றாவது வர வேண்டுமே என்று கணக்குப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். போன வாரம் ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற பேத்தி உண்மையைச் சொல்லிவிட்டாள். "தாத்தா, உங்கள் அட்டை கல்யாணப் பத்திரிகை, கனமாக இருக்கும். விரலில் பட்டதும் தெரிந்துவிடும். எல்லோரும் விட்டுவிட்டு வேறு எடுப்போம்."

அம்மாவுமா என்று கேட்டேன். அம்மாதான் சொல்லிக்கொடுத்தாளாம்.

திங்கட்கிழமை பழைய அச்சகத்துக்குப் போக வேண்டும். பெட்டியிலிருந்து ஓர் அட்டையை மாதிரிக்கு எடுத்துச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். அதே கனத்தில், அதே வழுவழுப்பில் வெட்டித் தரச் சொல்ல வேண்டும்.